தட்டு

தட்டு மறுபடியும் தானாக வெளியே வந்து நின்றது.

மகாலட்சுமி கம்ப்யூட்டர் பட்டனைத் தொடவே இல்லை. ஸ்கேன் சிடியை வைத்து, ஒற்றை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனது கொஞ்ச நேரம் கரகரவென்றது, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல ஒரு இழுப்பு இழுத்தது, அப்புறம் கிர்ரென்று நீண்டு அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. போடு என்பதுபோல.

“போட்டாச்சுல்ல, சனியனே! இன்னும் என்னத்தப் போடணும் ஒனக்கு?”

கத்திய பிறகுதான் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினால் பயந்துபோய் விரல் முட்டியால் படபடவென்று தட்டுகிறவன் என்பதால் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே, காலையில் இட்லி வைத்துக் கொடுத்த எவர்சில்வர் தட்டு அப்படியே கிடந்தது. பாதி இட்லிதான் இறங்கியிருந்தது.

ஆடி அமாவாசை. உச்சிப்பொழுதுகூட ஆகவில்லை, ஆனால் பண்ணைப்புரத்துக்கு மேலே மலை இருந்த இடமே தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தது. காற்று வாசல் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கீழே இருக்கிற யுபிஎஸ்ஸை நம்பவும் முடியாது. பேட்டரி செத்துப்போய், கரண்ட் போனால் கீ கீ என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில்தான் அவள் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்துக் கொடுக்கிறாள். இத்தனை வருஷமாக மாடு மாதிரி உழைத்த பெட்டி, இன்றைக்குப் பார்த்துச் சண்டித்தனம் பண்ணியது.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றபடியே பிள்ளை மயங்கி விழுந்திருந்தான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி என்ன தலைவலி! சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். தேனியில் ஸ்கேன் எடுத்து, கையில் ஒரு சிடியைக் கொடுத்து, மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அந்த டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் மகிமா காலையில் பேசினாள்.

“படத்தப் பாத்துட்டுத்தாம்மா, இன்னைக்கே தூக்கிட்டு வரணுமா, மாத்திரையோட இருக்கலாமான்னு டாக்டர் சொல்லுவாக. மத்தியானம் தியேட்டருக்குள்ள போயிட்டாகன்னா எப்ப வெளிய வருவாகன்னு தெரியாது. அதுக்குள்ள அனுப்பிருங்க. ஸ்கிரீன்ல ஓடவிட்டு போன்ல படம் எடுத்து அனுப்புனாக்கூடப் போதும்.”

போதும்தான். ஆனால் எதில் ஓடவிட? ஸ்கேன் சென்டர் அமாவாசைக்குப் பூட்டிக் கிடந்தது. இப்போது வருகிற லேப்டாப் எதிலும் சிடி போட இடமே கிடையாது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டாள். ஊருக்குள் அவள் பெட்டி ஒன்றுதான் கதி.

புருஷன் கர்ணன் வீட்டில் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறிவிட்டான். அங்கே டவர் கிடைக்காது. அவன் இன்றைக்கு அருவிக்குப் போவதாகத்தான் இருந்தது. கிழவன், அதாவது அவளுடைய மாமனார், போன ஆடியில் செத்தான். முதல் வருஷம், எள்ளும் தண்ணியும் விட வேண்டும், வீட்டில் இலை போட வேண்டும் என்று கர்ணன் இழுத்தபோது மகாலட்சுமி அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

“பிள்ளை இந்த நெலமையில கெடக்கான், செத்த மனுசனுக்கு விருந்தா? அங்கன போனீகன்னா இங்கன திரும்பி வராதீக.”

அவன் முறைத்துக்கொண்டு ஜீப்பை எடுத்துப் போனான். போகட்டும். அந்த ஆளுக்கு இலை போட அவள் கை எழாது.

கிழவன் அதிகம் பேச மாட்டான். அந்த உள்ளறைக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, காலித் தட்டைக் காலாலேயே தள்ளுவான். சிமெண்டுத் தரையில் கிர்ரென்று இழுபட்டு அது வாசற்படிக்கு வந்து நிற்கும். சோறு வரத் தாமதமானால் ஒரு கனைப்பு. அப்படியும் வரவில்லையென்றால் தட்டு பறக்கும். அப்படிப் பறந்த ஒன்று அவள் இடது புருவத்தைக் கிழித்தது. தையல் போட்ட இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை. அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆண்டிபட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அதனால் “ஏ ஆண்டிபட்டி!” தண்ணியில்லாத ஊர்க்காரிக்குத் தனியாக ஒரு பேர் எதற்கு?

அவளும் அவன் பேரைச் சொன்னதில்லை. மாமனார் பேரை மருமகள் சொல்லக்கூடாது என்பது வழக்கம். அவளுக்கு அது வழக்கத்துக்கு மேலே ஒரு வீம்பு. அருவியின் பேரே அந்தப் பேரில் இருக்கிறது என்பதால் அருவியைக்கூட அவள் வெறும் அருவி என்றுதான் சொல்வாள். பத்திரிகையில் அந்தப் பேர் வந்தால் கை அடிக்கும், வாய் சொல்லாது.

அதே பேரைத்தான் அவள் பெற்ற பிள்ளைக்கும் வைத்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் குடும்பத்தில் தாத்தன் பேர் பேரனுக்கு. கர்ணனின் தாத்தாவும் கர்ணன்தான். அதனால் கிழவனுக்கும் பிள்ளைக்கும் பேர் மட்டுமல்ல, முன்னால் போடுகிற இனிஷியல்கூட ஒன்றுதான். “எம்பேரு இருக்குற வரைக்கும் நான் எங்கயும் போகல” என்று பேரனைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான் கிழவன். அவள் அஜய்குமார் என்று வைக்க ஆசைப்பட்டாள். எந்தச் சான்றிதழிலும் அந்தப் பேர் ஏறவில்லை. அவள் வாயில் மட்டும் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாத பாவி அவள்; அவளுக்கு அவன் அஜய்.

தட்டு இன்னும் நீண்டபடிதான் இருந்தது. அவள் போனை எடுத்து சுரேஷ்கண்ணனைக் கூப்பிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவன், அல்லிநகரத்தில் கடை வைத்திருப்பவன். எடுத்ததும் ஓவென்று ஒரே இரைச்சல்.

“அக்கா, சுருளித் தீர்த்தத்துல நிக்கிறேங்கா! எங்க அப்பாவுக்கு எள்ளுத்தண்ணி விட வந்தேன். கூட்டம் நெரியுது. என்னக்கா, சொல்லுங்க!”

அவள் சொன்னாள். தட்டு தானாக வருகிறது, உள்ளே போனாலும் படிக்கவில்லை, ஒரு தரம் படித்தது, உடனே நீலத்திரை வந்து கம்ப்யூட்டரே அணைந்து திரும்ப ஆன் ஆனது.

“சிடி டிரைவ் படிக்க மாட்டாம முக்குதுக்கா. முக்கி முக்கி சிஸ்டத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிருது. ஆஃப் பண்ணி, பக்கத்துத் தகரத்தக் கழட்டுங்க. டிரைவ்ல ரெண்டு வயர் போகும், உருவி மாட்டுங்க. உள்ள லென்ஸு, கண்ணு மாதிரி இருக்கும், அத பஞ்சால மெதுவாத் தொடைங்க. அழுத்திறாதீக.”

அவள் கழற்றினாள். தூசி பறந்தது. தூசியோடு ஒரு வாடை. மூக்கை அரிக்கிற காரமான வாடை, இந்த வீட்டில் ஒரு வருஷமாக இல்லாத வாடை. மூக்குப்பொடி. கிழவன் வாழைமட்டையில் வைத்து இடுப்பில் செருகியிருப்பானே, அது. அவள் தும்மினாள். அடுக்கடுக்காகத் தும்மினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. செத்தும் விட மாட்டேன் என்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சைச் சுற்றி லென்ஸைத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. தூசிதான், வேறு என்ன என்று தனக்கே சொல்லிக்கொண்டு, வயரைச் செருகி, பெட்டியை மூடி, சிடியை வைத்துத் தள்ளினாள்.

டிரைவ் கனைத்தது.

கரகரப்பில்லை, சுழலும் சத்தமில்லை. கனைப்பு. உள்ளறைப் பக்கம் அவள் தலை தானாகத் திரும்பியது, பத்து வருஷப் பழக்கம். பிள்ளை அசையாமல் படுத்திருந்தான்.

திரையில் படம் வந்தது. கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு தலை, பூசணியைக் குறுக்கே அரிந்து வைத்ததுபோல. போனை எடுப்பதற்குள் நீலம். அணைந்தது. திரும்ப ஏறியது. மறுபடியும் தள்ளினாள், மறுபடியும் வந்தது, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்த துண்டு. நீலம். ஒவ்வொரு தரமும் அணைந்து ஏறும்போது படம் ஒரு துண்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. நெற்றி. கண்குழி. பிறகு காது.

காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பொட்டு. அதிலிருந்து நட்சத்திரம் மாதிரி கீற்றுகள்.

அவளுக்கு அது தெரியும். கிழவனுக்கு ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் விரல் வைத்துக் காட்டியிருந்தார். சின்ன வயதில் பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் எவனோ சுட்ட ரவை. எடுக்காமல் விட்டதில் தோலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. அடுத்த துண்டு வந்தது. தாடை. வாயில் ஒற்றைப் பல். பால்பல்லும் முளைக்கக் காத்திருக்கிற பல்லுமாக நிறைந்திருக்க வேண்டிய வாயில், ஒற்றைக் கடைவாய்ப் பல்.

சுரேஷ்கண்ணனை மறுபடியும் கூப்பிட்டாள். “தம்பி! இது எம்பிள்ளை படமில்ல! எங்க வீட்டுக் கிழத்தோட படம் ஓடுது!”

“பழைய டிஸ்க்கப் போட்டுட்டீகளோ என்னமோ. அவருக்கும் அதே சென்டர்லதான எடுத்தீக?”

“அந்தச் சிடியப் போன பொங்கலுக்கே போகியில எரிச்சுட்டேன்டா!”

“அப்பப் படத்துக்கு மேல எழுதியிருக்கும் பாருங்க. வயசு என்ன போட்டிருக்கு?”

“ஏழு.”

“தேதி?”

“இந்த வாரந்தான்.”

“பேரு?”

பேர் அங்கே இருந்தது. வெள்ளை எழுத்தில், இனிஷியலோடு.

“அக்கா? பேரு என்ன போட்டிருக்கு? வேற ஆளு படம் மாறி ஏறியிருந்தா பேருல தெரிஞ்சிரும்.”

“எம்பிள்ளை பேருதான் போட்டிருக்கு.”

“ஒங்க பிள்ளை பேரு எனக்கு எங்கக்கா தெரியும்? நீங்க அஜய்னுதான கூப்பிடுவீக? அதா போட்டிருக்கு?”

“அதில்ல.”

“அப்ப என்ன? கேக்கலக்கா, அருவி எரையுது! நான் எலைக்கு முன்னால உக்காந்துட்டேன், கையில தர்ப்பை போட்டாச்சு, போன ஸ்பீக்கர்ல வச்சுக் கீழ வச்சிருக்கேன். சத்தமாச் சொல்லுங்க!”

திரை நடுங்கியது. நீலம் வரப்போகிறது. மகிமாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்து கிடந்தது. டிரைவ் மறுபடியும் கனைத்தது, இரண்டாவது கனைப்பு, இதற்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிற கனைப்பு. பொடி நெடி மூக்கில் ஏறியது. மகாலட்சுமிக்குப் புருவத் தழும்பு சுரீரென்றது. பத்து வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்தது. என்னடா பெரிய பேர்! பெரிய மனுஷன் பேர்! சொன்னால் என்ன, வாய் வெந்தா போய்விடும்?

“சுருளிராஜன்!” என்று கத்தினாள். “க. சுருளிராஜன்! கேட்டுச்சா? சுருளிராஜன்! சுருளிராஜன்!”

மூன்று முறை. அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவே வேறொரு குரல் ஏதோ முணுமுணுத்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு சுரேஷ்கண்ணன் சிரித்தான்.

“நல்ல கூத்துக்கா! நீங்க போட்ட சத்தத்துல, இந்தப் பேருக்கும் விடணும்னு சொல்றோம்னு அய்யரு நெனச்சுக்கிட்டாரு. மூணு தரம் பேரச் சொல்லி எள்ளுத்தண்ணி விட்டுட்டாரு. சரி விடுங்க, மாமா பேருதான அது? அண்ணனையும் இன்னைக்கு இங்க காணோம். அவருக்கும் ஆச்சு, ஒங்களுக்கும் புண்ணியம்.”

மகாலட்சுமிக்கு உடம்பு சில்லிட்டது. கழுத்திலிருந்து கீழே, பச்சைத் தண்ணீரை ஊற்றியதுபோல.

“ஏலே.” திரும்பவும் கூப்பிட்டாள். “ஏலே! அது உசுரோட இருக்குற பிள்ளை பேருடா! எம்பிள்ளைக்கா தண்ணி விட்டீக? பாவிகளா, எம்பிள்ளைக்கா விட்டீக?”

அருவி மட்டும் இரைந்தது. அப்புறம் அதுவும் இல்லை, லைன் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் அமைதியானது. கரகரப்பு நின்றது. திரை நடுக்கம் நின்றது. பொடி நெடி இருந்த இடம் தெரியவில்லை. காற்றுகூட ஓய்ந்து, வாசல் தகரம் சும்மா கிடந்தது. திரையில் படம் கண்ணாடி மாதிரி நின்றது.

காதுக்குப் பின்னால் பொட்டு இல்லை.

அவள் மவுசை உருட்டினாள். துண்டு துண்டாகப் படம் இறங்கியது, ஏறியது, எங்கேயும் சிக்கவில்லை. சின்னத் தலை. வாய் நிறையப் பல், ஈறுக்குள் வரிசையாகக் காத்திருக்கிற பல். எந்த வெள்ளையும் எந்தக் கறையும் இல்லாத குழந்தைத் தலை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவனோ எங்கேயோ தண்ணி விட்டால் என்ன ஆகிவிடும், டிரைவ் தூசியில் உளறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாகப் படம் எடுத்தாள். அனுப்பினாள். இரண்டு படம் கலங்கலாக வந்தது, மறுபடியும் எடுத்தாள்.

மகிமாவே போன் பண்ணினாள்.

“டாக்டர் பாத்துட்டாகம்மா. பயப்பட ஒண்ணுமே இல்லையாம். படம் சுத்தமா இருக்குன்னாக. மாத்திரையக் குடுங்க, பிள்ளையச் சாப்பிட வைங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! அந்த வார்த்தையை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். கால் தரையில் பாவவில்லை. சிடியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

அவள் சாத்தவில்லை. காற்றாக இருக்கும். ஓய்ந்துபோன காற்று. தள்ளினாள். உள்ளே ஜன்னல் மூடி இருட்டாக இருந்தது, அந்த இருட்டுக்குள் அந்த வாடை இருந்தது. முன்னறையிலிருந்து போன வாடை. பிள்ளை எழுந்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கட்டிலின் அந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு.

“அஜய். ஒனக்கு ஒண்ணுமே இல்லையாம்டா தங்கம். டாக்டரு சொல்லிட்டாக.”

அவன் திரும்பவில்லை. இன்னும் தூக்கக் கலக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வருடினாள். வேர்த்த முடி. சூடான சின்னக் கழுத்து. அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தலை, விரலுக்கு ஒவ்வொரு மேடும் பள்ளமும் மனப்பாடமான தலை. விரல் காதுக்குப் பின்னால் போனது.

நின்றது.

தோலுக்கு அடியில் ஒரு மணி. கெட்டியாக. அழுத்தினாள். உருண்டது.

அவன் மெல்லத் திரும்பினான். உதடு ஈரமாக இருந்தது. மோவாயில் தண்ணீர் வழிந்திருந்தது. உதட்டோரத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் துடைக்கக் கை நீட்டினாள். விரலில் ஒட்டி வந்தது. எள்ளு.

மிச்சத்தை அவன் நாக்கால் துழாவி எடுத்து மென்றான். அவசரமில்லாமல். ஒரே கடைவாயில் வைத்து.

பிறகு கட்டிலுக்குக் கீழே காலை விட்டான். கிர்ர்ர். எவர்சில்வர் தட்டு இழுபட்டு அவள் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“ஏ ஆண்டிபட்டி.”

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். தோளைப் பிடித்து உலுக்கினாள். “வெளிய வாடா! எம்பிள்ளைய விட்டுட்டு வெளிய வாடா கெழட்டு நாயே!” அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கைக்குக் கீழே இருந்தது அவள் பிள்ளையின் கன்னம். நேற்று அவள் முத்தம் கொடுத்த கன்னம். கை அந்தரத்திலேயே நின்றது. அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

“அஜய்!” என்று அலறினாள். “அஜய்! அம்மாடா! அஜய்!”

கட்டிலில் இருந்தது அசையவில்லை.

முன்னறையில் டக் என்றது.

அவள் திரும்பினாள். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு மினுங்கியது. தட்டு வெளியே வரப் பார்த்தது. முடியவில்லை. உள்ளிருந்து முட்டியது. டக்.

“அஜய்?”

டக் டக் டக் டக். படபடவென்று. விடாமல். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று விரல் முட்டியால் தட்டுவதுபோல.

“அந்தப் பொட்டிய அமத்து,” என்றான் அவள் பின்னால் இருந்தவன். “எரையுது.”

காற்று திரும்ப எழுந்தது. தகரம் ஒரு அடி அடித்தது. டியூப்லைட் ஒருமுறை துடித்து அணைந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. இருட்டில் அந்தத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே அந்தத் தட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, வேகமாக, இன்னும் வேகமாக.

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.